இரண்டு மர்மத் தொடர்களும் ஒரு தோணியும்

1

போன வாரம் மதியச் சாப்பாட்டு நேரத்தில் பிர்கிட் என்னிடம் ஒரு யோசனை கேட்டாள். நாங்கள் இருவரும் ஜெர்மனியின் வடக்கே, ப்ரேமர்ஹாஃபன் துறைமுகத்தில், உறைந்த மீன் வைக்கும் குளிர்கிடங்கு ஒன்றில் வேலை பார்க்கிறோம். கப்பலில் வந்திறங்கும் பெட்டிகளில் குளிர் குறையாமல் இருக்கிறதா என்று சோதிப்பது எங்கள் பொறுப்பு. என் ஜெர்மன் தடுமாறும்போது மற்றவர்கள் ஆங்கிலத்துக்குத் தாவிவிடுவார்கள். பிர்கிட் மட்டும் பொறுமையாகக் காத்திருப்பாள்.

“குளிர்காலம் வருகிறது, வீட்டுக்குள்ளேயேதான் கிடக்கவேண்டும். விநோதமாக ஒரு தொடர் பார்க்கலாம் என்றிருக்கிறேன். அறிவியல், மர்மம், ஆள் காணாமல் போவது, அந்த மாதிரி. நீ இதெல்லாம் பார்ப்பாயாமே, எதில் தொடங்கட்டும்?” என்று கேட்டு, இரண்டு தொடர்களின் பெயரைச் சொன்னாள்.

இரண்டையுமே நான் பார்த்திருந்தேன். ஒப்பிட்டுச் சொல்லத் தொடங்கினேன். முதலாவது மெதுவாகப் போகும், பயம் தெரியாமல் ஏறும், எதையும் விளக்க மாட்டார்கள். இரண்டாவது வேகம், எல்லாவற்றுக்கும் ஒரு பதில் தயாராக இருக்கும். இவ்வளவு சொல்வதற்குள் கண்ணில் நீர் கட்டிவிட்டது. கரண்டியைக் கீழே வைத்தேன். பிர்கிட் பதறிப்போய் என்னவென்று கேட்டாள்.

“சூப்பில் காரம்” என்றேன்.

அது உருளைக்கிழங்கு சூப். இந்த ஊர் உருளைக்கிழங்கு சூப்பைக் காரம் என்று சொன்ன முதல் ஆள் நானாகத்தான் இருக்கவேண்டும். அவள் நம்பவில்லை. ஆனால் மேற்கொண்டு கேட்கவும் இல்லை. அவளிடம் ஜெர்மனில் சொல்ல வராததை, ஊரில் இருந்து இதை வாசிக்கிற உங்களிடம் தமிழில் சொல்லிப் பார்க்கிறேன்.

2

என் தம்பி ரொமால்டு தோணியில் இன்ஜின் டிரைவர். தூத்துக்குடி பழைய துறைமுகத்தில் வெங்காயம், காய்கறி, செங்கல், ஜல்லி என்று கிடைத்ததை ஏற்றிக்கொண்டு மாலத்தீவுக்குப் போகும் மரத்தோணிகளில் ஒன்று. எங்கள் அப்பாவும் அம்மாவும் போன பிறகு எனக்கு ஊர் என்றால் அவனும் அவன் மனைவி அமலியும்தான்.

நான் கல்யாணமாகி இங்கே வந்தபோது அவன் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தான். நாங்கள் ஒன்றாக வளர்ந்த காலம் குறைவு. பல வருஷம் தொலைபேசியில் “சாப்பிட்டியா, மழை உண்டா, பிள்ளை படிக்காளா” என்பதைத் தாண்டிப் பேச எங்களிடம் விஷயம் இருந்ததில்லை. இந்த மர்மத் தொடர்கள்தான் எங்களுக்குப் பேச்சைக் கொடுத்தன.

தற்செயலாக ஆரம்பித்தது அது. இங்கே என் மகள் மெர்லின் ஒரு ஜெர்மன் தொடர் பார்த்துக்கொண்டிருந்தாள். வட கடலில் நீர் வற்றும் நேரத்தில் கடல் வெகுதூரம் பின்வாங்கிவிடும். ஆட்கள் சேற்றில் நடந்தே தீவுக்குப் போய்த் திரும்புவார்கள். இந்தப் பக்கம் அது வழக்கம்தான். தொடரில் ஏழு பேர் அப்படிப் போகிறார்கள். ஆறு பேர் திரும்பி வருகிறார்கள். ஏழாவதாகக் கூட வந்தது யார் என்று ஆறு பேருக்கும் நினைவில்லை. கிளம்பும்போது எடுத்த புகைப்படத்தில் ஒரு இடம் காலியாக இருக்கிறது. காலியான இடத்தின் தோளில் ஒருத்தி கை போட்டிருக்கிறாள்.

அதில் பேசுவது கடற்கரை ஜெர்மன். எனக்குப் பாதி புரியாது. மெர்லின் நிறுத்தி நிறுத்திச் சொல்லுவாள். அப்போது அவளுக்குப் பதினாறு வயது. வாரத்தில் மற்ற நேரமெல்லாம் அறைக் கதவு சாத்தியிருக்கும். தமிழில் கேட்டால் ஜெர்மனில் பதில் வரும். ஞாயிறு மாலை அந்த ஒரு மணி நேரம் மட்டும் என் பக்கத்தில் கால் நீட்டி உட்காருவாள். அதற்காகவே நான் அந்தத் தொடரைப் பார்த்தேன் என்றும் சொல்லலாம். பெரியதாழைக்காரரான என் கணவர் பிரான்சிஸ் முதல் காட்சியிலேயே குறட்டை விட்டுவிடுவார்.

இதை ஒருநாள் ரொமால்டிடம் சொன்னபோது அவன் துள்ளினான். “அக்கா, நானும் இது மாரிதான் ஒண்ணு பாத்துக்கிட்டிருக்கேன்!”

அவன் பார்த்தது அமெரிக்கத் தொடர், தமிழ்க் குரல் கொடுத்தது. கடலின் அடியாழத்துக்கு ஆராய்ச்சிக்குப் போன கப்பல் காணாமல் போகிறது. பல வருஷம் கழித்து அந்தக் கப்பலில் இருந்து ரேடியோவில் பேச்சு வருகிறது. போனவர்கள் எல்லோரும் வயது ஏறாமல் அதே குரலில் பேசுகிறார்கள். ரொமால்டு அந்தத் தமிழ்க் குரல்களை அப்படியே பேசிக் காட்டுவான். “அடக் கடவுளே! இது எப்படிச் சாத்தியம், டாக்டர்?” என்று அவன் சொன்னால் நான் பஸ்ஸில் சத்தமாகச் சிரித்துவிடுவேன்.

ஜெர்மன் தொடரும் அவனுக்குத் தமிழ்க் குரலில் கிடைத்தது. எங்களுக்குள் ஒரு ஏற்பாடு உண்டானது. அவன் கிளம்பும் முன் இரண்டு தொடர்களிலும் வந்தவரைக்கும் போனில் இறக்கிக்கொள்வான். நடுக்கடலில் சிக்னல் கிடையாது. வேலை இல்லாத நேரத்தில் பார்ப்பான். மாலத்தீவின் மாலி துறைமுகம் போய்ச் சேர்ந்ததும் எனக்குத்தான் முதல் போன். அமலிக்குக் கோபம் வரும். “கட்டினவட்ட பெறவுதான் பேசுதாவ. பேய்க்கதை முக்கியமா போச்சி” என்பாள்.

எங்கள் சண்டை எப்போதும் ஒன்றுதான். “உங்க ஊருக்காரன் கேள்வி மட்டும் கேக்கான்க்கா. பதில் தெரிஞ்சாத்தான சொல்லுவான்” என்பான் அவன். “உன் ஆளு பதிலை முதல்லயே எழுதி வச்சிக்கிட்டு அதுக்குக் கேள்வி தேடுதான்ல” என்பேன் நான். ஜெர்மன் தொடரில் ஒருவர் ஜன்னல் வழியே சேற்றைப் பார்த்தால் ஒரு நிமிஷம் பார்த்துக்கொண்டேயிருப்பார். அமெரிக்கத் தொடரில் யாருக்கும் ஜன்னல் பக்கம் போக நேரம் கிடையாது. இரண்டிலும் எது அதிகப் பயம் என்று பேசிப் பேசி நாங்கள் முடிவுக்கு வந்ததில்லை. எனக்குத் தெரிந்து நாங்கள் அக்கா தம்பியாக இருந்த காலம் அதுதான்.

3

ஜனவரியில் ஒரு காலை. நான் கிடங்கின் கதவருகே கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தேன். அமலியின் போன். அவள் அந்த நேரத்தில் அழைக்கிறவள் அல்ல.

“மதினி, அவிய இன்னும் மாலிக்குப் போய்ச் சேரலியாம்.”

“யாருளா சொன்னா?”

“முதலாளி வீட்டுலருந்து ஆள் வந்துச்சி. காத்து கூடுதலா இருக்கு, கொஞ்சம் தாமசம் ஆகும்னு சொல்லுதாவ. நேத்தும் இதத்தான் சொன்னாவ.”

“நேத்தே ஏன் எனக்குச் சொல்லல?”

“நேத்து நானே அத நம்பிட்டேன் மதினி.”

இருவரும் போனை வைக்கவில்லை. அவள் பக்கம் பிரஷர் குக்கர் சத்தம் போட்டது. யாரோ ஒரு பெண் “அமலி, அடுப்ப அமத்துளா” என்று உள்ளேயிருந்து சொன்னது கேட்டது. வீட்டில் ஆட்கள் கூடிவிட்டார்கள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. கடற்கரையில் ஒரு வீட்டில் சொல்லாமல் ஆட்கள் கூடினால் அதற்கு அர்த்தம் உண்டு.

தோணியோடு ரேடியோ பேச்சு இல்லை. வழியில் கண்டதாக மீன்பிடிப் படகு எதுவும் சொல்லவில்லை. கடலோரக் காவல் படைக்குத் தகவல் போயிருக்கிறது. அவ்வளவுதான் அமலிக்குத் தெரிந்தது.

4

என் மேலாளர் நல்ல பெண்மணி. நான் நேராக அவர் அறைக்குப் போனேன். மனதுக்குள் வாக்கியத்தை அடுக்கிக்கொண்டுதான் போனேன். என் தம்பியைக் காணவில்லை, எனக்கு விடுப்பு வேண்டும் என்று சொல்லவேண்டும்.

“இஷ் ஃபெர்மிஸ்ஸே மைனன் ப்ரூடர்” என்றேன்.

அவர் எழுந்து வந்து என் தோளைத் தொட்டார். “எனக்குப் புரிகிறது. என் தங்கை முனிக்கில் இருக்கிறாள். எனக்கும் அப்படித்தான் இருக்கும், குறிப்பாகப் பண்டிகை முடிந்த இந்த மாதத்தில். வார இறுதியில் அவரோடு நிதானமாகப் பேசுங்கள்” என்றார்.

தலையாட்டிவிட்டு வெளியே வந்தேன். திரும்ப வேலைக்கே போய்விட்டேன். பெட்டி பெட்டியாகக் குளிரைச் சோதித்தேன். இந்தப் பெண் இவ்வளவு கல்நெஞ்சக்காரியா என்று அவரை மனதுக்குள் திட்டிக்கொண்டே மாலை வரை இருந்தேன்.

வீட்டில் மெர்லினிடம் சொன்னபோது அவள் முகம் மாறியது. “அம்மா, நீ என்ன வார்த்தை சொன்ன? திரும்பச் சொல்லு.”

சொன்னேன்.

“ஐயோ அம்மா. அதுக்குத் தம்பி ஞாபகமா இருக்கு, பாக்கணும் போல இருக்குன்னு அர்த்தம். ‘ஃபெர்மிஸ்ட்’னு முடிக்கணும். அப்பதான் காணோம்னு அர்த்தம்.”

ஒரே சொல். வால் மாறினால் ஏக்கம் விபத்தாகிவிடுகிறது. இத்தனை வருஷம் இந்த மொழியில் சம்பளம் வாங்கியும் என்னால் அதைப் பிடிக்க முடியவில்லை.

மறுநாள் காலை மெர்லினே பள்ளிக்குப் போகும் முன் என் அலுவலகத்துக்குப் போன் செய்தாள். மேலாளர் பதறிப்போய் மன்னிப்புக் கேட்டார். ஆனால் விடுப்பு கொடுப்பது அவர் கையில் இல்லை, பணியாளர் பிரிவில் பேசவேண்டும். அங்கே இருந்தவர் அன்பாகத்தான் கேட்டார்.

“உங்கள் சகோதரர் இறந்துவிட்டாரா?”

“தெரியாது.”

“மருத்துவமனையில் இருக்கிறாரா?”

“தெரியாது.”

அவர் கொஞ்ச நேரம் கணினியில் தேடினார். இறப்புக்கு ஒரு வகை விடுப்பு இருந்தது, நோய்க்கு ஒரு வகை இருந்தது. தெரியாது என்பதற்கு வகை இல்லை. “தெரிய வந்ததும் சொல்லுங்கள், அதற்கேற்ற மாதிரி மாற்றிக்கொள்ளலாம். அதுவரை உங்கள் சொந்த விடுமுறையில் கழித்துவிடுகிறேன்” என்றார். நன்றி சொல்லிவிட்டு வைத்தேன்.

5

தொலைக்காட்சியில் ஒருவன் காணாமல் போனால் அடுத்த காட்சிக்கு உடனே வெட்டிவிடுவார்கள். பனிமூட்டம், டார்ச் வெளிச்சம், மோப்ப நாய். “மூன்று வாரங்களுக்குப் பிறகு” என்று எழுத்து வரும். அந்த மூன்று வாரத்தை யாரும் எடுப்பதில்லை. எடுக்கவும் முடியாது. அதில் ஒன்றுமே நடக்காது.

நான் போனைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். ஊருக்குக் கிளம்பிவிடலாம் என்று பிரான்சிஸ் சொன்னார். அந்த விமானப் பயணம் முழுக்கச் சேதி எதுவும் எட்டாமல் அந்தரத்தில் உட்கார்ந்திருக்க எனக்குத் தைரியம் இல்லை. என் அறையில் நான் இருக்க, மெர்லின் சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியைத் திறந்துவைத்து, இந்தியா, இலங்கை, மாலத்தீவு என்று மூன்று நாட்டுக் கடல் மீட்பு மையங்களுக்கும் ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டும் பேசிக்கொண்டும் இருந்தாள். அவள் குரல் அவ்வளவு உறுதியாக ஒலித்து நான் கேட்டதில்லை. “ஆம், மரக்கலம். இல்லை, கப்பல் இடம்காட்டும் வரைபடத்தில் தெரியாது, அது சிறியது. ஆம், என் மாமா.”

எல்லோரும் தேடிக்கொண்டிருக்கிறோம் என்றார்கள். வாடைக்காற்று தென்மேற்கே தள்ளியிருக்கும் என்றார்கள்.

அமலி தினமும் அழைப்பாள். வீடு நிறையப் பெண்கள், கோயிலில் செபம், வாசலில் தோணிக்காரர்கள். அவர்கள் கண்ணில் படாமல் அடுப்படிக்குள் வந்து நின்று பேசுவாள். வீடியோவில் அவள் முகத்தின் பாதியும் மசாலா டப்பாக்களும் தெரியும். ஒருநாள் வேறு எதுவும் சொல்லாமல் கேட்டாள்.

“மதினி, அவிய போன்ல பாத்துக்கிட்டே போனாவல்லா, அந்தக் கப்பல் கதை. அதுல கப்பல்ல போனவங்க திரும்பி வந்தாவளா?”

ரொமால்டு கடைசியாக இறக்கிக்கொண்டு போன பகுதியை நான் பார்த்துவிட்டிருந்தேன். அதில் கப்பலைக் கண்டுபிடிக்கிறார்கள். உள்ளே யாரும் உயிரோடு இல்லை. முதல் நாளே எல்லோரும் போய்விட்டார்கள். இத்தனை காலம் ரேடியோவில் பேசியது அவர்களுடைய குரலைக் கற்றுக்கொண்ட ஒரு இயந்திரம். எனக்குப் பிடிக்காத அந்தத் தொடரில் என்னை உலுக்கிய ஒரே இடம் அதுதான். ரொமால்டு மாலி போய்ச் சேர்ந்து அழைத்தால் இதைப் பற்றிப் பேசக் காத்திருந்தேன்.

நான் பார்வையைத் திருப்பியதை அமலி பார்த்துவிட்டாள். அவள் கண் சுருங்கியது.

மெர்லின் என் தோளுக்குப் பின்னாலிருந்து தலையை நீட்டினாள். தட்டுத் தடுமாறித் தமிழில் சொன்னாள்.

“இன்னும் முடியல, அத்தை. அடுத்த பாகம் எடுக்காங்க. அது வந்தாதான் தெரியும்.”

அதில் பொய் எதுவும் இல்லை. அடுத்த பாகம் எடுப்பதாக அறிவித்திருந்தார்கள்.

“அப்ப எடுக்கவன்ட்ட சொல்லு பிள்ள,” என்றாள் அமலி. “எல்லாரையும் கொண்டாந்து கரையில சேக்கச் சொல்லு.” பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, “உங்க ஊரு கதை என்னது? அதையும் சொல்லு” என்றாள்.

மெர்லின் ஏழு பேரையும் சேற்றையும் பற்றிச் சொன்னாள். வார்த்தை வராத இடத்தில் கையால் காட்டினாள். அமலி கவனமாகக் கேட்டாள். ஆறு பேருக்கும் ஏழாவது ஆளை நினைவில்லை என்ற இடம் வந்ததும் சட்டென்று கோபம் வந்துவிட்டது.

“கூட நடந்தவன மறந்துட்டாவளாமா? எவன் எழுதினான் இத? ஏழாவது ஆளுக்கு வீட்டுல பொண்டாட்டி இல்லியா? வாசல்ல நின்னு எங்க என் மாப்பிள்ளைன்னு கேக்க ஒருத்தி இல்லியா? அவ கேட்டா அந்த ஆறு பேருக்கும் ஞாபகம் தானா வந்துரும்லா!”

இந்தத் தொடரைப் பற்றி ஜெர்மன் பத்திரிகைகளில் நிறைய எழுதினார்கள். ஒருவரும் இதைக் கேட்கவில்லை. அமலி மறுபடி குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “வைக்கேன் மதினி. வெளிய ஏதோ பேசுதாவ. பாத்துட்டு வாரேன்.”

அவள் போனை வைக்க மறந்துவிட்டாள். நாங்கள் இருவரும் அந்த அடுப்படியின் கூரையைப் பார்த்துக்கொண்டே நின்றோம். அவள் திரும்பி வந்து, ஒன்றும் இல்லை, யாரோ செபத்துக்கு மெழுகுவர்த்தி கொண்டுவந்திருக்கிறார்கள் என்றாள்.

6

லட்சத்தீவுப் பக்கம், மினிக்காய்த் தீவுக்குத் தெற்கே ஒரு சரக்குக் கப்பல் அவர்களைக் கண்டது. சேதி முதலில் மெர்லினுக்குத்தான் வந்தது. அவள் எழுதிய ஏதோ ஒரு மையத்திலிருந்து ஒருவர் மறக்காமல் அழைத்துச் சொன்னார். அவள் அறையிலிருந்து வந்து, “ஆலெ லேபன்” என்றாள். எனக்கு அர்த்தம் மனதில் ஏறவில்லை. அவள் என்னைப் பிடித்து உலுக்கினாள். “எல்லாரும் உயிரோட இருக்காங்கம்மா!”

பிறகு ரொமால்டே பேசினான். குரல் கீறலாக வந்தது. “அக்கா. நான்தான்.” அதற்கப்புறம் அவனால் முடியவில்லை. போனை வேறு யாரிடமோ கொடுத்துவிட்டான். அது அவனேதானா என்று ஒரு கணம் எனக்குச் சந்தேகம் வந்தது. அந்தத் தொடர் செய்த வேலை அது.

உயிர்த்த ஞாயிறு விடுமுறைக்கு நானும் மெர்லினும் ஊருக்குப் போனோம். ரொமால்டு மெலிந்திருந்தான். உதட்டில் வெடிப்பு ஆறியிருந்தது. எங்களைக் கண்டதும் இயல்பாகத்தான் இருந்தான், மெர்லினின் தமிழைக் கேலி செய்தான். ஆனால் டிவி ஓடும்போது எழுந்து வெளியே போய்விடுவான்.

சாப்பிட்டு முடித்த ஒரு மத்தியானம் மெர்லின்தான் கேட்டாள். “மாமா, அங்க என்ன நடந்தது?”

“சுக்கான் உடைஞ்சிட்டு. இன்ஜின் அறையில தண்ணி ஏறிட்டு, பேட்டரி எல்லாம் போச்சி. பாய் கட்டினோம், அது கிழிஞ்சிட்டு. பெறவு காத்து கொண்டுபோன பக்கம் போனோம்.” அவன் தட்டில் கோடு போட்டுக்கொண்டே சொன்னான். “ஒரு கப்பல் வந்திச்சி பிள்ள. எங்கள எடுத்த கப்பல் இல்ல, அதுக்கு முன்ன ஒண்ணு. நல்ல பகல். அடுக்கி வச்ச பெட்டியோட நிறம் தெரியுது. சட்டையக் கழத்தி வீசினோம். பழைய டயர்ல டீசல் ஊத்திக் கொளுத்தினோம். தண்டல் அழுதுட்டாரு. அது அப்படியே போயிட்டு.”

தண்டல் என்பது தோணியின் தலைவர். ரொமால்டுக்கு அப்பா வயது.

“ஏன் நிக்கல?” என்றாள் மெர்லின்.

“பாக்கல போல. இல்ல, பாத்துட்டு வேண்டாம்னு போயிருக்கலாம். நானும் நெனச்சி நெனச்சிப் பாத்துட்டேன். அந்தத் தொடர்ல வார ஆளுக எல்லாம் இது எப்படி நடந்திச்சி, எதுனால நடந்திச்சின்னு ஓயாம பேசுவாவல்லா. நாங்க ஒருத்தரும் பேசல. எவ்வளவு தண்ணி மிச்சம், அடுத்து யாரு குடிக்கணும், அவ்வளவுதான் பேச்சி.”

அமலி அடுப்படி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். “ஆபத்துன்னா அமுக்கணும்னு ஒரு பெட்டி இருக்குமே, செயற்கைக்கோளுக்குப் போவும்பாவளே. அத அமுக்கலியா?”

ரொமால்டு நிமிரவில்லை. “அமுக்கினோம். அதுல உயிர் இல்ல. பேட்டரி எப்பவோ செத்திருக்கு. யாரும் பாக்கல.”

அமலி உள்ளே போய்ப் பாத்திரம் விளக்கினாள். தேய்க்கிற சத்தம் நெடுநேரம் கேட்டது.

7

இழுத்துவந்த தோணியைப் பழுது பார்த்து முடித்திருந்தார்கள். நாங்கள் திரும்புவதற்கு முன்பே ரொமால்டு மறுபடி கிளம்பினான். வேறு வேலை தேடலாமே என்று நான் சொல்லிப் பார்த்தேன். “தெரிஞ்ச வேலை இதான்க்கா” என்றான். அமலி ஒன்றும் சொல்லாதது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. கிளம்புகிற அன்று காலை, நாங்களும் துறைமுகத்துக்கு வருவோம் என்று மட்டும் சொன்னாள்.

பழைய துறைமுகத்தில் வெயில் ஏறிக்கொண்டிருந்தது. முதலாளி சொல்லிவைத்து எங்களுக்கு நுழைவுச் சீட்டு கிடைத்திருந்தது. தோணியில் வெங்காய மூட்டைகள் ஏற்றி முடித்துத் தார்ப்பாய் கட்டிவிட்டார்கள். முதலாளி குடை பிடித்து நின்றார். நடுவயதுக்காரர், தன்மையானவர். ரொமால்டு ஏறப்போகும் நேரத்தில் அமலி அவரிடம் போனாள்.

“அண்ணாச்சி, அந்தப் பெட்டி புதுசா வச்சாச்சா?”

“எந்தப் பெட்டிம்மா?”

“ஆபத்துன்னா அமுக்குத பெட்டி.”

“சொல்லி வச்சிருக்கேன். கடையில வந்து கிடக்கு. அடுத்த தடவ வச்சிருவோம்.”

“அப்ப இவியளும் அடுத்த தடவ போவட்டும்,” என்றாள் அமலி. தோணியின் கயிறு கட்டியிருந்த இரும்புக் குத்தியின் மேல் போய் உட்கார்ந்துவிட்டாள்.

கயிற்றை அவிழ்க்க வந்தவன் திகைத்து நின்றான். தோணியில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். ரொமால்டின் முகம் கறுத்தது.

“ஏளா, எந்திரி. மானம் போவுது.”

“போவட்டும். அது திரும்பி வந்துரும்.”

முதலாளிக்குக் குரல் உயர்ந்தது. “ஏம்மா, சுங்கத்துல பேப்பர் எல்லாம் முடிச்சாச்சி. வெயில்ல வெங்காயம் அழுவிரும். நேரத்துக்குக் கிளம்பலன்னா எல்லாத்தையும் மறுபடி முதல்லருந்து எழுதணும். தெரியுமா உனக்கு?”

“தெரியாது அண்ணாச்சி. எழுதுதது எனக்குத் தெரியாத வேலை. உக்காரத் தெரியும்.”

ரொமால்டு என்னைப் பார்த்தான். அக்கா, நீ சொன்னால் அவள் கேட்பாள் என்கிற பார்வை. அவனுக்கு வேலை போய்விடலாம். எல்லோர் முன்னாலும் தலைகுனிந்து நின்ற கோபத்தில் இனி என்னோடு பேசாமலும் போகலாம். எங்களுக்குள் இருந்த பேச்சே கொஞ்சம்தான். நான் தோணியின் மறு கயிறு கட்டியிருந்த அடுத்த குத்தியைப் பார்த்தேன். போய் அதில் உட்கார்ந்தேன். இரும்பு நெருப்பாகச் சுட்டது.

மெர்லினும் ஒரு வார்த்தை கேட்காமல் வந்து, சம்மணம் போட்டுத் தரையில், கயிற்றின் மேலேயே உட்கார்ந்தாள்.

அப்போது தண்டல் மேல்தளத்திலிருந்து இறங்கி வந்தார். எங்களைத் திட்டத்தான் வருகிறார் என்று நினைத்தேன். அவர் முதலாளியின் முன்னால் நின்று, தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

“கடை பக்கத்துலதான முதலாளி. ஆள அனுப்புங்க. நான் காத்துக் கிடக்கேன்.”

முதலாளி எங்களையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். குடையை மடக்கினார். பிறகு பைக்கில் ஒருவனை அனுப்பினார்.

பெட்டி வந்தது. ஆரஞ்சு நிறம், ஒரு செம்பு அளவு. மெர்லின் அதன் தாளை ஆங்கிலத்தில் படித்துத் தமிழில் சொன்னாள். சோதனைக்கு ஒரு பொத்தான் இருந்தது. தண்டல் கையால்தான் அமுக்கவேண்டும் என்று அமலி சொல்லிவிட்டாள். அவர் அமுக்கினார். சிறிய விளக்கு மின்னியது. அமலி குனிந்து அதை உற்றுப் பார்த்தாள். இன்னொரு தடவை அமுக்கச் சொன்னாள். மறுபடி மின்னியது.

அவள் எழுந்தாள். சேலையைத் தட்டிக்கொண்டாள். “போயிட்டு வாங்க” என்று எல்லோருக்கும் பொதுவாகச் சொன்னாள்.

ரொமால்டு எங்கள் யாரையும் பார்க்காமல் ஏறிப்போய் இன்ஜின் அறைக்குள் இறங்கிவிட்டான். இன்ஜின் இரண்டு தடவை இருமிப் பிறகு பிடித்துக்கொண்டது. கயிறு அவிழ்ந்தது. தோணி நகர்ந்து இடைவெளி விழுந்த பிறகுதான் அவன் தலை மேலே தெரிந்தது. கையில் எண்ணெய்த் துணி. அதை வைத்துக்கொண்டே எங்கள் பக்கம் ஒருமுறை கையை உயர்த்தினான். அது அமலிக்கா எனக்கா என்று தெரியவில்லை.

தோணி சிறுத்துக்கொண்டே போனது. முதலாளி போய்விட்டார். மூட்டை தூக்கியவர்கள் நிழலுக்குப் போய்விட்டார்கள். மெர்லின் மட்டும் கண்ணுக்கு மேல் கை வைத்துக் கடலைப் பார்த்துக்கொண்டேயிருந்தாள்.

“அத்தை, இனி என்ன செய்யணும்?” என்று கேட்டாள்.

“இனி என்ன? துணி ஊறப் போட்டுட்டு வந்திருக்கேன்,” என்றாள் அமலி. “நட.”